நவம்பருக்கு முன்பே முடிந்துவிடும் தேர்தல்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்க அரசியலின் பிளவு பற்றிய உங்கள் தலையங்கத்தைப் படித்தேன். இரு கட்சித் தலைவர்களும் பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்தால் நாடு பழையபடி ஒன்றாகிவிடும் என்று முடித்திருந்தீர்கள். டெக்சஸில் ஓட்டுப் போடுகிறவள் நான். எனக்கு இதில் உடன்பாடில்லை. பெருந்தன்மை காட்டியவர்கள் என்ன கதிக்கு ஆளானார்கள் என்று பார்த்தாலே போதும்.

2021 ஜனவரி 6 அன்று நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் டிரம்ப் ஆதரவுக் கும்பல் புகுந்தது. ஒரு வாரம் கழித்து டிரம்ப் மீதான பதவிநீக்கத் தீர்மானத்துக்கு அவருடைய குடியரசுக் கட்சியைச் சேர்ந்த பத்துப் பேரே பிரதிநிதிகள் சபையில் ஆதரவாக ஓட்டுப் போட்டார்கள். அந்தப் பத்தில் நான்கு பேர் அடுத்த தேர்தலில் நிற்கவேயில்லை. இன்னும் நான்கு பேரை 2022 பிரைமரியிலேயே, அதாவது நவம்பர் தேர்தலில் கட்சியின் வேட்பாளர் யார் என்று வாக்காளர்கள் முடிவு செய்யும் முந்தைய சுற்றிலேயே, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர்களில் ஒருவரான லிஸ் செனி முன்னாள் துணை அதிபரின் மகள், சபையில் கட்சியின் மூன்றாவது பெரிய பொறுப்பில் இருந்தவர். வயோமிங்கில் படுதோல்வி அடைந்தார்.

தப்பியது இரண்டே பேர். ஒருவர் கலிபோர்னியாவின் டேவிட் வலடேயோ, மற்றவர் வாஷிங்டன் மாநிலத்தின் டான் நியூஹவுஸ். இந்த இரண்டு மாநிலங்களிலும் நாடாளுமன்றத் தேர்தலுக்குக் கட்சிக்கு ஒரு பிரைமரி என்ற பேச்சே இல்லை. எல்லாக் கட்சி வேட்பாளர்களின் பெயரும் ஒரே வாக்குச்சீட்டில் இருக்கும், யார் வேண்டுமானாலும் யாருக்கும் போடலாம், முதல் இரண்டு இடங்களைப் பிடிப்பவர்கள் நவம்பரில் மோதுவார்கள். வாஷிங்டனில் இதே முறையிலும் பத்துப் பேரில் ஒருவர் தோற்றார், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அவரை முந்திய டிரம்ப் ஆதரவாளர் நவம்பரில் தொகுதியையே ஜனநாயகக் கட்சியிடம் பறிகொடுத்தார்.

எங்கள் ஊர் ஆஸ்டினுக்கு வருகிறேன். பிரைமரி மார்ச் மாதத்தில். நூலகத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் தேர்தல் பணியாளர் நம் ஓட்டுநர் உரிமத்தைப் பார்த்துவிட்டு, எந்தக் கட்சியின் வாக்குச்சீட்டு வேண்டும் என்று கேட்பார். பின்னால் நிற்கிற பக்கத்து வீட்டுக்காரருக்கும் நம் பதில் காதில் விழும். ஏதாவது ஒரு பக்கம்தான் போக முடியும். யாருக்கும் பாதிக்கு மேல் ஓட்டு விழாவிட்டால் மே மாதக் கடைசியில் இரண்டாவது சுற்று. அதற்கு வருகிற கூட்டம் இன்னும் சொற்பம், பெரும்பாலும் அரசியலே மூச்சாக இருப்பவர்கள். நவம்பரில் வரிசை நீளும். ஆனால் பல தொகுதிகளில் மே மாதத்திலேயே காரியம் முடிந்திருக்கும். தன் ஆட்களுக்கு மட்டுமே பயப்பட வேண்டிய ஒருவர் எதிர்க்கட்சியோடு எதற்காகக் கைகுலுக்கப் போகிறார்?

ஏன் முடிந்திருக்கும் என்றால், ஒரே கட்சிதான் ஜெயிக்கும் என்கிற மாதிரி தொகுதியை வெட்டியிருக்கிறார்கள். இந்தியாவில் தொகுதி மறுவரையறைக்கு என்று ஓர் ஆணையம் அமைக்கிறார்கள். டெக்சஸில் மாநிலச் சட்டமன்றமே கோடு போடுகிறது. வேலியே பயிரை மேய்கிறது. 35 ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டியே ஆஸ்டினிலிருந்து சான் ஆன்டோனியோ வரை ஒரு தொகுதி பல வருடம் பாம்பாக நெளிந்து கிடந்தது. 2025 ஆகஸ்டில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குக்கூடக் காத்திருக்காமல், குடியரசுக் கட்சிக்கு ஐந்து இடம் கூடக் கிடைக்கும்படி மறுபடியும் கோடு போட்டார்கள். சரி, ஜனநாயகக் கட்சி சும்மா இருந்ததா? கலிபோர்னியாவில் நல்ல சுயேச்சையான ஆணையம் இருந்தது. அது போட்ட வரைபடத்தை 2030 வரை ஒதுக்கிவைத்து, தங்களுக்கு ஐந்து இடம் கூடும்படி புதிய வரைபடத்துக்கு அதே ஆண்டு நவம்பரில் வாக்கெடுப்பு நடத்தி ஜெயித்தார்கள். கட்சி லாபத்துக்காகக் கோடு போடுவதில் கூட்டாட்சி நீதிமன்றங்கள் தலையிட முடியாது என்று 2019 லேயே உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று சொல்லிவிட்டது. கேட்பதற்கு ஆளில்லை.

தொலைக்காட்சியும் கைபேசியும் பகையை வளர்க்கவில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் ஏக்கத்தோடு எழுதியிருந்த அந்தப் பழைய ஒற்றுமையையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். 1950 இல் அமெரிக்க அரசியல் அறிவியல் சங்கம் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதில் இருந்த புகார், இரண்டு கட்சிகளுக்கும் போதிய வித்தியாசம் இல்லை என்பது! தெற்கின் நிறவெறியர்களும் வடக்கின் தொழிற்சங்கக்காரர்களும் அப்போது ஒரே ஜனநாயகக் கட்சியில் இருந்தார்கள். கறுப்பினத்தவர் ஓட்டுப் போட முடியாத நிலை தெற்கில் நீடித்ததும் அந்த இணக்கத்தின் தயவில்தான். நிறப் பாகுபாட்டைத் தடை செய்த 1964 குடிமை உரிமைகள் சட்டத்துக்குப் பிரதிநிதிகள் சபையில் குடியரசுக் கட்சியினர் சுமார் 80 சதவீதமும் ஜனநாயகக் கட்சியினர் 60 சதவீதத்தை ஒட்டியும் ஆதரவு கொடுத்தார்கள். இன்று இப்படி ஒரு வாக்கெடுப்பை நினைத்துப் பார்க்க முடியுமா? 2010 இல் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்துக்குக் குடியரசுக் கட்சியிலிருந்து ஒரு ஓட்டு விழவில்லை. 2017 வரிச் சட்டத்துக்கு ஜனநாயகக் கட்சியிலிருந்தும் ஒன்றும் விழவில்லை.

என்னைக் கேட்டால் உருப்படியான முயற்சி நடந்திருப்பது அலாஸ்காவில். அங்கே பொதுவான ஒரே பிரைமரி, முதல் நான்கு பேர் நவம்பருக்குப் போவார்கள், அப்போது வாக்காளர் ஒன்று, இரண்டு, மூன்று என்று தன் விருப்ப வரிசையைக் குறிப்பார். அந்தப் பதவிநீக்கத் தீர்மானம் செனட்டுக்கு, அதாவது மேலவைக்கு, விசாரணைக்குப் போனபோது டிரம்ப்பைக் குற்றவாளி என்று வாக்களித்த குடியரசுக் கட்சியினர் ஏழு பேர். அவர்களில் 2022 தேர்தலில் மக்களைச் சந்தித்தவர் அலாஸ்காவின் லிசா முர்கோவ்ஸ்கி மட்டுமே. டிரம்ப் ஆதரித்த வேட்பாளரை அவர் வென்றார். ஜனநாயகக் கட்சிக்காரர்கள் பலர் இரண்டாவது விருப்பமாக அவரைக் குறித்ததும் அதற்கு ஒரு காரணம்.

2024 இல் இந்த முறையையே ஒழிக்க அலாஸ்காவில் வாக்கெடுப்பு நடந்தது. சில நூறு ஓட்டு வித்தியாசத்தில் தப்பியது. அதே நாளில் கொலராடோ, ஐடஹோ, நெவாடா மாநில மக்கள் இதைப் போன்ற முறைகள் வேண்டாம் என்று தள்ளிவிட்டார்கள். ஆகவே மக்கள் மேல் தவறே இல்லை என்று நான் வாதாட வரவில்லை.

உங்களிடம் ஒரே ஒரு கோரிக்கை. அமெரிக்கத் தேர்தலுக்கு நீங்கள் சிறப்பிதழ் போடுவது எப்போதும் நவம்பரில்தான். அடுத்த முறை மார்ச்சில் ஒன்று போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஆஸ்டின், டெக்சஸ்