பாதி மீசைக் கடன்

அன்புள்ள விலாங்கு,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடிதம் முழுக்க அதைச் சுற்றியே பம்மிக்கொண்டிருப்பேன். பந்தயத்தில் நீதான் ஜெயித்தாய். நுரையீரல்தான் முதலில் வந்தது, மீனை மிதக்க வைக்கும் காற்றுப்பை அப்புறம்தான். இருபத்தாறு வருஷம் கழித்து ஒப்புக்கொள்கிறேன். நீ இதை நெட்டையனிடம் காட்டுவாய் என்று தெரியும், காட்டிக்கொள்.

எட்டு மாதமாகப் பதில் போடாததற்கு மன்னிப்பு கேட்கவேண்டும், கேட்டாயிற்று. கணுக்கால் உடைந்தது, ஆறு வாரம் மாவுக்கட்டு, இப்போது நடக்கிறேன். அதைப் பற்றி நெட்டையன் உனக்குச் சொல்லியிருக்கும் கதையில் பாதி பொய். நான் யாரையும் துரத்திக்கொண்டு ஓடவில்லை, மாடிப்படியில் வழுக்கினேன், அவ்வளவுதான்.

கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு நாள், மகள் பள்ளிக்கூடத்துக்காகப் படம் வரைந்துகொண்டிருந்தாள். உனக்குத் தெரிந்த படம்தான்: இடது ஓரத்தில் ஒரு மீன், அது கரையேறித் தவளை மாதிரி ஒன்றாகி, பல்லி மாதிரி ஒன்றாகி, கடைசியில் தோளில் பையை மாட்டிக்கொண்டு ஒரு மனிதன். மீனுக்கு நல்ல வாட்டசாட்டமான சூரை மீனை வரைந்திருந்தாள். "இதுதான் நமக்குத் தாத்தாவாப்பா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். சொல்லி முடித்ததும் உள்ளே ஏதோ உறுத்தியது, சரி பார்ப்போமே என்று தேட ஆரம்பித்தேன். அன்றைக்கு ஆரம்பித்ததுதான், இன்னும் விடவில்லை.

சூரை நமக்குத் தாத்தா இல்லையடா, பங்காளி. நாற்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் எலும்பு மீன் குடும்பத்தில் பாகப்பிரிவினை நடந்திருக்கிறது. ஒரு பக்கத்தாருக்குத் துடுப்பின் அடியில் சதையும் கையெலும்பு மாதிரி எலும்பும். இன்னொரு பக்கத்தாருக்கு மெல்லிய குச்சிகளின்மேல் தோலைப் போர்த்தி விரித்த விசிறி மாதிரித் துடுப்பு. அவைதான் கதிர்த்துடுப்பு மீன்கள். நாம் முதல் பக்கம். தவளை, பாம்பு, குருவி, நீ, நான் எல்லோரும் அந்தச் சதைத்துடுப்பு வம்சம்தான். 1938இல் தென்னாப்பிரிக்கக் கடலில் பிடிபட்டு உலகத்தையே திகைக்க வைத்த சீலகாந்த் என்ற மீன் இருக்கிறதே, அது சூரைக்கு நெருங்கிய சொந்தமில்லை, நமக்குத்தான் நெருங்கிய சொந்தம். அந்தப் பக்கத்தில் இன்னும் மீனாகவே தண்ணீரில் இருப்பவை சீலகாந்த் இரண்டு இனம், நுரையீரல் மீன் ஆறு இனம், ஆக எட்டே எட்டு. எதிர்ப்பக்கத்தில் முப்பதாயிரத்துக்கும் மேல்! முதுகெலும்புள்ள உயிரினங்களில் ஏறக்குறைய சரிபாதி அவை.

இப்போது பந்தயத்துக்கு வருகிறேன். சோடாபுட்டி அன்றைக்குக் கரும்பலகையில் போட்ட அம்புக்குறி நினைவிருக்கிறதா? காற்றுப்பை, அதிலிருந்து அம்பு, நுரையீரல். நீ எழுந்து "அம்பு ஏன் சார் அந்தப் பக்கமாகவே போகவேண்டும்?" என்றாய். வகுப்பே சிரித்தது, அதில் அதிகமாகச் சிரித்தவன் நான். சாயந்திரம் பாதி மீசை பந்தயம். அன்றைக்கு எனக்கிருந்த மீசைக்கு அதில் பாதி என்பதே பெரிய கற்பனை. ஆனால் சோடாபுட்டியை ரொம்பவும் திட்டாதே, அவருக்குத் துணை சாதாரண ஆளில்லை. 1859 புத்தகத்தில் டார்வினே அப்படித்தான் எழுதியிருக்கிறார், காற்றுப்பைதான் நுரையீரலாக மாறியது என்று. அம்பைத் திருப்பிப் போட்டவை பின்னால் கிடைத்த சாட்சிகள். பாகம் பிரிவதற்கு முன்பே அந்த வீட்டில் இருந்த பொதுச்சொத்து நுரையீரல். இரண்டு பக்கமும் எடுத்துக்கொண்டு போயின. நம் பக்கம் அதை அப்படியே வைத்துக்கொண்டது, அவர்கள் பக்கம் அதை உருட்டிப் புரட்டி வேறொன்றாக ஆக்கிவிட்டது.

முக்கியமான சாட்சி பிச்சிர் என்ற மீன். ஆப்பிரிக்க ஆறுகளிலும் சதுப்புகளிலும் இருக்கிறது, முதுகு நெடுகத் தனித்தனிக் கொடிகள் மாதிரித் துடுப்புகள், உடம்பில் தகடு தகடாகக் கெட்டிச் செதில். கதிர்த்துடுப்புக் குடும்பத்தில் எல்லோருக்கும் முன்னால் பிரிந்த கிளை அது. அதற்குக் காற்றுப்பை கிடையாது, வயிற்றுப்பக்கமாக நம்மைப் போலவே இரண்டு நுரையீரல். வட அமெரிக்காவின் போஃபின் மீனுக்குப் பை முதுகுப்பக்கம் ஏறிவிட்டது, ஆனாலும் அதற்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் நம் நுரையீரலுக்குப் போகும் அதே குழாய்தான். வீட்டை இடித்துக் கட்டியவர்கள் பழைய தண்ணீர்க் குழாயை மாற்றாமல் விட்ட மாதிரி. 2021இல் வந்த மரபணு ஆய்வுகளும் இதையேதான் சொல்கின்றன.

பிச்சிரைத் தேடிப் போனபோது ஒரு ஆளைக் கண்டுபிடித்தேன், அவரை உனக்குச் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. பெயர் ஜான் சாமுவேல் பட்ஜெட். பெயரைப் பார்த்துச் சிரிக்காதே, நானும் சிரித்தேன், ஐந்து நிமிஷம் கழித்து வெட்கமாக இருந்தது. கேம்பிரிட்ஜ் ஆள். அந்தக் காலத்தில் பிச்சிரின் முன்துடுப்பில் இருக்கும் சதையைப் பார்த்துவிட்டு, மீனையும் தவளையையும் இணைக்கும் கண்ணி இதுவாகத்தான் இருக்கும் என்று பலர் நினைத்தார்கள். குஞ்சைப் பார்த்தால் இன்னும் நம்பத் தோன்றும், தலைப்பிரட்டை மாதிரியே வெளியில் செவுள் தொங்கும். அப்படியானால் முட்டையிலிருந்து படிப்படியாக எப்படி வளர்கிறது என்று பார்த்துவிட்டால் விஷயம் முடிந்தது. ஆனால் முட்டை கிடைக்கவேண்டுமே! அதற்காக அந்த ஆள் 1898இலிருந்து நான்கு முறை ஆப்பிரிக்கா போனார். காம்பியாவில் கிடைக்கவில்லை, மறுபடி காம்பியா, அப்புறம் உகாண்டா, ஒவ்வொரு தடவையும் காய்ச்சலைத்தான் வாங்கிக்கொண்டு திரும்பினார். 1903இல் நைஜர் கழிமுகத்தில் ஒருவழியாகக் கருவுற்ற முட்டைகள் கிடைத்தன. அவற்றைப் பத்திரமாக ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தார். 1904 ஜனவரியில் இறந்துபோனார், அங்கே பிடித்த காய்ச்சல்தான். முப்பத்தொரு வயது.

அந்த முட்டைகளை எடுத்து வைத்துக்கொண்டு வெட்டிப் பார்த்து, வரைந்து, எழுதி முடித்தவர் ஜான் கிரகாம் கெர். இருவரும் அதற்கு முன்னால் பராகுவே பக்கத்துச் சதுப்புகளில் நுரையீரல் மீன் தேடி ஒன்றாக அலைந்தவர்கள். பட்ஜெட்டின் வேலை முழுவதும் 1907இல் புத்தகமாக வந்தது. இதில் எனக்குத் தொண்டை அடைத்த இடம் எது தெரியுமா? அந்த ஆள் எதற்காக உயிரை விட்டாரோ அந்தக் கேள்விக்கே விடை "இல்லை" என்றாகிவிட்டது. பிச்சிர் நம் பக்கத்துக் கண்ணியே இல்லை, எதிர்ப்பக்கத்தின் மூத்த பிள்ளை. ஆனால் அதை அந்தப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் உன் பந்தயம் ஜெயிக்கிறது, இரண்டு பக்கமும் நுரையீரல் இருந்தது என்று காட்டுவதே அதுதானே. அவர் இதைக் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாரா, நொந்துபோயிருப்பாரா என்று இரண்டு ராத்திரி யோசித்தேன். மாவுக்கட்டு போட்டவனுக்கு வேறென்ன வேலை.

சரி, நுரையீரல் பையானது, அதனால் என்ன என்று கேட்பாய். அங்கேதான் எனக்குப் பைத்தியம் பிடித்தது. சுமார் 42 கோடியிலிருந்து 36 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரையான டெவோனியன் காலத்தில் கதிர்த்துடுப்புப் பக்கத்தாரை யாரும் சீண்டியதில்லை, ஸ்காட்லாந்துப் பாறைகளில் புதைபடிவமாகக் கிடைக்கும் கெய்ரோலெபிஸ் மாதிரி நாலைந்து பேர் ஓரமாகத் திரிந்துகொண்டிருந்தார்கள். சுமார் 36 கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்த பேரழிவு பெரிய தலைகளையெல்லாம் சாய்த்த பிறகுதான் இவர்கள் பெருக ஆரம்பித்தது. அந்தப் பெருக்கத்தில் இந்தப் பையும் என்னென்னவோ ஆனது. முதலில் மிதவை. துடுப்பை அசைக்காமல் தண்ணீருக்கு நடுவில் அப்படியே நிற்கலாம். பிறகு ரத்தத்திலிருந்தே வாயுவைப் பிழிந்து பையை நிரப்பும் சுரப்பி வந்தது, காற்றை விழுங்க மேலே வரவேண்டிய அவசியமே போயிற்று. கெண்டையும் கெளுத்தியும் இருக்கும் கூட்டத்தில் இந்தப் பையிலிருந்து உள்காது வரைக்கும் குட்டி எலும்புகளின் சங்கிலி ஓடுகிறது. தண்ணீரில் சத்தம் வந்தால் பை அதிரும், எலும்புகள் அதைக் காதுக்குக் கடத்தும். நுரையீரல் காதாகிவிட்டதடா! அந்த ஒரு கூட்டத்தில் மட்டும் பத்தாயிரம் இனங்களுக்கு மேல். வேறு சில மீன்கள் பையைத் தசையால் தட்டி மேளம் வாசிக்கின்றன. அமேசானில் அராபைமா என்று ஒரு பெரிய உருப்படி அதே பையை மறுபடி நுரையீரலாக்கிக்கொண்டு பத்து இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு வாங்கிப் போகிறது.

பை வேண்டாம் என்று தூக்கிப் போட்டவர்களும் உண்டு. மகள் வரைந்த சூரையிலேயே சில இனங்களுக்குப் பை கிடையாது, நீந்துவதை நிறுத்தினால் மூழ்கவேண்டியதுதான். 2022இல் ஜப்பானுக்குத் தெற்கே ஒரு கடலடிப் பள்ளத்தில் 8,336 மீட்டர் ஆழத்தில் ஒரு நத்தைமீனைப் படம்பிடித்தார்கள், அதற்கும் பை இல்லை. அந்த அழுத்தத்தில் காற்றுப்பையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? விளக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு பல்லைக் காட்டும் ஆழ்கடல் மீனைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், எனக்கு அதைவிட இந்தக் கொழகொழ நத்தைமீன்தான் பிடித்திருக்கிறது.

தட்டைமீனும் அப்படித்தான், பையை விட்டுவிட்டுத் தரையோடு படுத்துவிட்டது. இரண்டு கண்ணும் ஒரே பக்கத்தில் இருக்குமே, அதுதான். பாதி வழியில் நின்ற கண்ணால் என்ன பிரயோஜனம், இது எப்படிப் படிப்படியாக வந்திருக்க முடியும் என்று மைவர்ட் என்பவர் 1871இல் டார்வினைக் குடைந்தார். 2008இல் மாட் ஃப்ரீட்மன் என்ற ஆய்வாளர் அருங்காட்சியகங்களில் சும்மா கிடந்த இத்தாலியப் புதைபடிவங்களை எடுத்துப் பார்த்தால், சுமார் ஐந்து கோடி ஆண்டு பழைய மீன், ஒரு கண் பாதி வழிதான் ஏறியிருக்கிறது. மைவர்ட் மீசை பந்தயம் கட்டியிருந்தாரா என்பது பற்றித் தகவல் இல்லை.

நெட்டையனுக்கு ஒரு பட்டப்பெயரும் கண்டுபிடித்தேன்: லீட்சிக்திஸ் புரோப்ளமேட்டிகஸ். ஜுராசிக் காலத்துக் கடலில் பதினாறு மீட்டர் நீளத்தில், இன்றைய நீலத்திமிங்கிலம் மாதிரித் தண்ணீரைச் சலித்துப் பொடி உயிர்களைத் தின்று திரிந்த மீன். ஆல்ஃபிரட் லீட்ஸ் என்ற விவசாயி இங்கிலாந்தில் தோண்டியெடுத்த துண்டுகளில் சிலவற்றை முதலில் டைனோசரின் முதுகுத் தகடு என்றே நினைத்தார்களாம். எது எந்த எலும்பு என்று பிடிபடாத தொல்லையால்தான் அந்தப் பெயர். நெட்டையனுக்கு எவ்வளவு பொருத்தம் பார்.

இப்போது சிரிக்க முடியாத ஒன்று. 2020இல் ஒரு செய்தி வந்தது, ஹங்கேரியில் ஒரு மீன் ஆய்வகத்தில் ரஷ்ய ஸ்டர்ஜன் என்ற மீனின் முட்டையில் அமெரிக்கப் பேடில் மீனின் விந்தைச் சேர்த்திருக்கிறார்கள். கலப்பு நடக்காது என்ற தைரியத்தில் செய்த சோதனை. நடந்துவிட்டது, குஞ்சு பொரித்து வளர்ந்தும்விட்டன. அந்த இரண்டு வம்சமும் பிரிந்து 18 கோடி ஆண்டுக்கு மேல் ஆகிறது, அவைகளே ஒன்றுசேர்கின்றன, நாம் எட்டு மாதம் பேசாததற்கு நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாய் என்று உன்னைக் கிண்டல் செய்யலாம் என்றுதான் மேற்கொண்டு படிக்க ஆரம்பித்தேன்.

படித்தால், அந்தப் பேடில் மீனுக்குச் சீனாவின் யாங்சே ஆற்றில் ஒரு ஒன்றுவிட்ட சகோதரன் இருந்திருக்கிறது, கத்தி மாதிரி நீண்ட மூக்கோடு, பல மீட்டர் நீளத்துக்கு வளரும் மீன். 1981இல் ஆற்றின் குறுக்கே கெஜோபா அணை எழுந்தது, முட்டையிட மேலே போகும் வழி அடைபட்டது. அதோடு மீன்பிடிப்பும் சேர்ந்துகொண்டது. 2003இல் ஒரு பெண் மீன் வலையில் மாட்டியது. காயத்துக்கு வைத்தியம் பார்த்து, உடம்பில் ஒலிக்கருவி பொருத்தி ஆற்றில் விட்டார்கள், படகில் பின்னாலேயே போனார்கள், கொஞ்ச நேரத்தில் சமிக்ஞை தவறிப்போனது. அதற்குப் பிறகு அந்த இனத்தை உயிரோடு யாரும் பார்க்கவில்லை. 2022 ஜூலையில் அழிந்துவிட்டதாக அறிவித்தார்கள். டைனோசர்களை மண்ணோடு மண்ணாக்கிய அழிவைத் தாண்டி வந்த வம்சம்டா அது. 2003இல் நாம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று யோசித்தேன். நெட்டையனின் வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தோம், வேறொன்றும் நினைவு வரவில்லை. இதை மகளிடம் இன்னும் சொல்லவில்லை.

படத்தை மட்டும் திருத்தினாள். நீண்ட வரிசைக்குப் பதிலாக இரண்டாகப் பிரியும் கிளை, ஒரு கிளையின் நுனியில் தோளில் பையோடு மனிதன், இன்னொன்றின் நுனியில் அதே சூரை, இரண்டும் ஒரே உயரத்தில். மனிதனை ஏன் மேலே போடவில்லை என்று வகுப்பில் கேட்டார்களாம். "இரண்டு பேரும் இன்றைக்குத்தானே இருக்கிறார்கள்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு நீ எழுந்து கேட்டது ஞாபகம் வந்தது. அவளுக்கு நாளைக்கு எந்தப் பட்டப்பெயர் வாய்க்கப்போகிறதோ.

உன் பட்டப்பெயரையும் தேடினேன். பாம்புக்கு வாலும் மீனுக்குத் தலையும் காட்டுவது இருக்கட்டும், ஐரோப்பிய விலாங்கு அட்லாண்டிக்கில் இருக்கும் சர்காசோ கடலுக்குப் போய் முட்டையிடுகிறது என்று தெரிந்தும், அங்கே அது முட்டையிடுவதை இன்றுவரை ஒருவரும் கண்ணால் பார்த்ததில்லையாம். இளம் வயதில் ஃபிராய்டு நூற்றுக்கணக்கான விலாங்குகளை அறுத்து விந்தகம் எங்கே என்று தேடி அலுத்துப்போனார். இப்படி யாருக்கும் பிடிகொடுக்காத ஜென்மம். பெயர் வைத்தவன் விவரமானவன்தான்.

அம்மாவுக்கு இப்போது பரவாயில்லை என்று நெட்டையன் சொன்னான், அதுவாவது உண்மைதானா என்று எழுது. எங்கள் வீட்டில் எல்லோரும் சௌக்கியம்.

கடனுக்கு வருகிறேன். மீசையில் முக்கால்வாசி வெள்ளை, ஆனால் பந்தயம் பந்தயம்தான், கத்தரிக்கோலை எடுத்து வைத்துவிட்டேன். அன்றைக்குப் பாதி என்றுதான் பேசினோமே தவிர எந்தப் பாதி என்று பேசவில்லை. இடதா, வலதா?

இப்படிக்கு,
தோற்றவன்