தொடரின் இசை யாருடையது?

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் இதழின் தொலைக்காட்சிப் பக்கத்தில் தொடர்களின் கதைச் சுருக்கமும் நடிகர்களின் பேட்டியும் தவறாமல் வருகின்றன. அவற்றுக்கு இசையமைத்தவர் யார் என்பது மட்டும் ஒருநாளும் வருவதில்லை.

நாங்கள் இரவில் பார்க்கும் மொழிமாற்றுத் தொடர் ஒன்றில், தாய் இறந்துபோகும் காட்சியில் தனி வயலின் ஒன்று ஒலித்தது. மறுநாள் முன்கதையிலும் அது வந்தது. கல்லடி சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் வயலின் பயிலும் என் தங்கை மகளும் நானும் ஒலிக்கும் இசையைக் கேட்டு அது எந்தப் பதிவு என்று கண்டுசொல்லும் ஷசாம் என்ற கைபேசிச் செயலியைத் தொலைக்காட்சிக்கு நேரே பிடித்துப் பார்த்தோம், விடை கிடைக்கவில்லை. காரணம் அது வேலை செய்யும் முறையிலேயே இருக்கிறது. எந்தக் கணத்தில் எந்த அதிர்வெண் மேலோங்குகிறது என்பதைக் குறித்துக்கொண்டு, கைரேகையை ஒப்பிடுவதுபோல் தன்னிடமுள்ள பதிவுகளோடு அது ஒப்பிடுகிறது. வீட்டுச் சத்தத்தைக்கூட ஓரளவு பொறுத்துக்கொள்ளும். ஆனால் தொடருக்கென்றே இசைக்கப்பட்டு, தனியாக வெளியிடப்படாத பின்னணி இசை அந்தக் களஞ்சியத்தில் இல்லையென்றால் எத்தனை முறை பிடித்தாலும் பயனில்லை. மெட்டை முணுமுணுத்துத் தேடுவதற்குக் கூகுள் 2020இல் கொண்டுவந்த வசதியும் எங்களுக்கு உதவவில்லை. (அதற்கு என் குரலும் ஒரு காரணம் என்பது மருமகளின் கருத்து.)

ஆகவே மிஞ்சுவது இறுதியில் ஓடும் பெயர்ப்பட்டியல்தான். அதையோ திரையின் மூலைக்குச் சுருக்கிவிட்டு, அடுத்த நிகழ்ச்சியின் முன்னோட்டத்தைப் போட்டுவிடுகிறார்கள். மொழிமாற்றத்தின்போது வசனத்தை மாற்றினாலும் மூல இசையைப் பெரும்பாலும் அப்படியே வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் எங்கள் தொடரின் பட்டியலில் குரல் கொடுத்தவர்களின் பெயர்கள் இருந்தனவே தவிர, இசையமைத்தவரின் பெயர் கண்ணில் படவில்லை.

ஒரு பெயர் கிடைத்தால் அது எவ்வளவு தூரம் அழைத்துச் செல்லும் என்பதற்கு, 1986இல் தூர்தர்ஷனில் தொடங்கிய மால்குடி டேஸ் தொடர் எனக்கு உதாரணம். அதன் இசை எல். வைத்தியநாதனுடையது என்று அறிந்து அந்தப் பெயரைப் பின்தொடர்ந்ததில், வயலின் கலைஞர்கள் எல். சுப்பிரமணியம், எல். சங்கர் ஆகியோரின் தமையன் அவர் என்பதும், இவர்களின் தந்தை வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்து, 1958 கலவரத்தின் பின் குடும்பத்தோடு சென்னைக்குச் சென்றவர் என்பதும் தெரியவந்தன. நம் நாட்டிலிருந்து புறப்பட்டுப் போன வீடொன்றின் இசை அது என்று தெரிந்தபின், அந்த முகப்பிசையை முன்பு கேட்டதுபோல் என்னால் கேட்க முடியவில்லை.

படைப்பு பொதுவில் பயன்படுத்தப்படும்போது, இயன்றவரை தன் பெயர் குறிப்பிடப்படும் உரிமையை இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் படைத்தவருக்கு அளித்திருக்கிறது. வாசிக்க முடியாத அளவுக்குச் சிறுத்துப்போன எழுத்து அதற்குப் போதுமா என்பதைச் சட்டம் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

பெயர்ப்பட்டியல் முழுத்திரையில் சில விநாடிகள் நின்றால் எங்களைப் போன்றவர்களுக்குப் போதும். அது நடக்கும்வரை, தங்கள் பக்கத்தில் தொடரின் பெயருக்குக் கீழே இயக்குநரின் பெயரோடு இசையமைப்பாளரின் பெயரையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.