அவரைப் பேச விடுங்கள்: விவாத வட்ட நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். சென்ற கூட்டத்துக்குப் பிறகு நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கை கிடைத்தது. 'வட்டத்தின் இணக்கமான சூழலைத் தொடர்ந்து குலைத்து வருவதால்' ஓர் உறுப்பினரை இடைநீக்கம் செய்திருக்கிறீர்கள். வரும் பொதுக்குழுவில் அவரை நிரந்தரமாக நீக்கும் தீர்மானம் வருகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். பெயர் போடவில்லை, போடாமலே எல்லோருக்கும் புரிந்துவிட்டது. அந்த இடைநீக்கத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நான் அவருடைய நண்பர் இல்லை. அவர் குறுக்கே பேசுவார், குரல் உயரும், சொன்னதையே திரும்பச் சொல்வார். 'எனக்கு ஓர் ஐயம்' என்று தொடங்க வேண்டிய இடத்தில் 'நீங்கள் சொல்வது தப்பு' என்றுதான் தொடங்குவார். என்னிடமும் அப்படிப் பேசியிருக்கிறார், அன்று எனக்கு மனம் வலித்தது. ஆனால் இதெல்லாம் ஒருவரைத் தனியே அழைத்துச் சொல்ல வேண்டிய விஷயம். அப்படி யாராவது ஒருமுறையாவது அழைத்துப் பேசினீர்களா?

சென்ற கூட்டத்தில் நடந்தது உங்களுக்குத் தெரியும். பேச்சாளர், 1964இல் நியூயார்க்கில் கிட்டி ஜெனோவீஸ் என்ற இளம்பெண் கொல்லப்பட்டதைச் சொன்னார். 38 பேர் சன்னல் வழியாகக் கடைசிவரை பார்த்துக்கொண்டே இருந்தார்கள், ஒருவரும் உதவிக்கு வரவில்லை என்றார். அரங்கமே கலங்கிப்போயிருந்த நேரத்தில் இவர் எழுந்தார். அந்த 38 பேர் கதை செய்தித்தாள் ஊதிப் பெருக்கியது என்றார். பெரும்பாலோர் சத்தம் மட்டுமே கேட்டார்கள், என்ன நடக்கிறது என்றே அவர்களுக்குத் தெரியவில்லை என்றார். ஒருவர் சன்னலிலிருந்து போட்ட சத்தத்தில் கொலைகாரன் முதலில் ஓடிவிட்டான் என்பதையும், சோஃபியா ஃபரார் என்ற அண்டை வீட்டுப் பெண் இறங்கி ஓடி வந்து, கிட்டியைக் கடைசி நிமிடங்களில் தாங்கிப் பிடித்திருந்தார் என்பதையும் சொன்னார். அத்தனையும் உண்மை. அந்தச் செய்தியை வெளியிட்ட நியூயார்க் டைம்ஸ் நாளிதழே அதில் பிழை இருந்ததை 2016இல் ஒப்புக்கொண்டுவிட்டது.

இதைத்தான் 'நெகிழ்ச்சியான உரையைக் கெடுத்தார்' என்று சுற்றறிக்கை சொல்கிறது. உயிருக்குத் துணிந்து ஓடி வந்த ஒரு பெண்ணை, யாருமே வரவில்லை என்ற பொய் பல ஆண்டுகள் மறைத்து வைத்திருந்தது. அந்தப் பெண்ணின் பெயர் நம் அரங்கத்தில் ஒலித்தது இவரால். நெகிழ வேண்டியது அதற்கல்லவா?

முறை வரும்வரை அவர் ஏன் காத்திருக்கவில்லை என்று கேட்கலாம். காத்திருந்தால் என்ன ஆகும் என்பதைப் பல மாதங்களாகப் பார்த்து வருகிறேன். 'உங்களுக்குக் கடைசியில் நேரம் தருகிறோம்' என்பீர்கள். நன்றியுரை முடிந்த பிறகு அந்தக் கடைசி வரும். காகிதத் துண்டு செருகி அடையாளம் வைத்த புத்தகத்தோடு அவர் எழுந்து நிற்கும்போது முன்வரிசை ஏற்கெனவே வாசலில் இருக்கும். மைக்கை அணைத்து வயரைச் சுருட்ட ஆரம்பித்திருப்பார்கள். பின்னால் இரும்பு நாற்காலிகளை மடக்கி ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்க்கிற சத்தம். அந்தச் சத்தத்துக்கு மேல் கேட்க வேண்டும் என்றால் யாராக இருந்தாலும் கத்தித்தான் ஆக வேண்டும். மறு வாரம் கூட்ட அறிக்கையில் 'உறுப்பினர் ஒருவர் உரத்த குரலில் பேசினார்' என்று வரும். அவர் என்ன பேசினார் என்பது ஒரு வரிகூட வராது. இப்படியே அவரைக் கத்த வைத்துவிட்டு, இப்போது கத்துகிறார் என்று வெளியேற்றுவது நியாயமா, ஐயா?

எல்லோரும் ஒத்துப்போகும் இடத்தில் என்ன நடக்கும் என்பதை 1950களிலேயே சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் சோதித்துக் காட்டினார். ஓர் அட்டையில் ஒரு கோடு. அதே நீளமுள்ள கோட்டை வேறு மூன்றிலிருந்து காட்ட வேண்டும், அவ்வளவுதான். அறையிலிருந்த மற்றவர்கள் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு ஒரே தவறான கோட்டைக் காட்டினார்கள். விஷயம் தெரியாமல் உட்கார்ந்திருந்தவர்கள், தங்கள் கண் பார்த்ததை விட்டுவிட்டு, ஏறத்தாழ மூன்றில் ஒரு முறை கூட்டத்தோடு சேர்ந்து தவறாகச் சொன்னார்கள். கூட்டத்தில் ஒரே ஒருவர் மாற்றிச் சொன்னதும் அந்தத் தவறு வெகுவாகக் குறைந்தது. அந்த ஒருவர் சொன்னதும் தவறான விடையாக இருந்தபோதுகூடக் குறைந்தது என்பதைத் தயவுசெய்து கவனியுங்கள். இவர் சொல்வதெல்லாம் சரி என்று நான் வாதாடவில்லை. பல முறை தவறாகவே பேசியிருக்கிறார். அவர் எழுந்து நிற்பதைப் பார்த்துத்தான் மற்றவர்களுக்கும் வாய் திறக்கத் தைரியம் வருகிறது.

இனிமேல் கூட்டத்துக்கு ஒருவரை 'எதிர்த் தரப்பு' என்று நியமித்துவிடலாம் என்றும் யோசனை சொல்லியிருக்கிறீர்கள். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் சார்லன் நெமத் இதையே ஆராய்ந்தார். மனதார மாறுபடுகிறவர் ஒருவர் இருக்கும் குழு யோசிக்கிற அளவுக்கு, வேடத்துக்காக எதிர்க்கிறவர் இருக்கும் குழு புதிதாக யோசிக்கவில்லை. சொல்லச் சொன்னதால் சொல்கிறார் என்று தெரிந்தபின் யார் தன் கருத்தை மறுபடி எடுத்துப் பார்ப்பார்கள்?

மனத்தில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். சமீப காலமாக நம் கூட்டங்களில் விவாதமே இல்லை. ஒருவர் பேசுகிறார், அடுத்தவர் அதை 'அருமை' என்கிறார், மூன்றாமவர் இருவரையும் பாராட்டுகிறார். புதிதாக வரும் இளைஞர்கள் இரண்டு கூட்டம் பார்த்துவிட்டு நின்றுவிடுகிறார்கள். சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் பரபக்கம் (பிறர் கொள்கை) முன்னே, சுபக்கம் (தன் கொள்கை) பின்னே. மாற்றாரின் கொள்கைகளை வரிசையாக எடுத்துவைத்து மறுத்த பிறகே தன் கொள்கையைச் சொல்கிறது அந்த நூல். அப்படிப்பட்ட மொழியில் பேசிக்கொண்டு, எதிர்க்கேள்வி ஒன்று வந்ததும் முகம் சுளிக்கிறோம். இடித்துரைக்க ஆளில்லாத சபை எதற்கு?

கோபத்தில் வார்த்தை நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. இடைநீக்கத்தைத் திரும்பப் பெறுங்கள். அவர் யாரையாவது தனிப்பட்ட முறையில் இழிவாகப் பேசியிருந்தால், எந்த நாளில், என்ன சொல், எந்த விதி என்று எழுத்தில் கொடுத்து அவருடைய பதிலையும் கேளுங்கள். அப்படி ஒன்று இருந்து அதற்குத் தண்டனை தந்தால் நானே ஏற்றுக்கொள்வேன். நேரக் கட்டுப்பாடு வேண்டுமென்றால் எல்லோருக்கும் ஒரே அளவாக வையுங்கள், தலைவருக்கும் சேர்த்து. அவருடைய முறை நன்றியுரைக்கு முன்பே வரட்டும், மைக் அணையாமல் இருக்கட்டும்.

இந்த மடலைப் பொதுக்குழுவில் தீர்மானத்துக்கு முன்பு படிக்க அனுமதிக்க வேண்டுகிறேன். அன்று அவரையும் அழைத்திருங்கள். அவர் இல்லாமல் அவரைப் பற்றி வாக்கெடுப்பு நடத்தினால், நான் எதிர்த்து வாக்களிப்பேன் என்பதை இப்போதே பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வட்டத்தின் உறுப்பினர் ஒருவர்