கணக்கில் முந்தும் பிள்ளைக்கு அடுத்த வகுப்புப் புத்தகம் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முப்பது ஆண்டுகள் அரசுப் பள்ளியில் கணித ஆசிரியராக இருந்தவன் நான். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் பேத்தி கணக்கில் கெட்டிக்காரி என்பதால் ஒரு பயிற்சி மையத்தில் சேர்த்தோம். அவர்கள் ஆறே மாதத்தில் பதினோராம் வகுப்பு முக்கோணவியல் சூத்திரங்கள் வரை நடத்தி முடித்துவிட்டார்கள். விடை நொடியில் வருகிறது. ஏன் என்று கேட்டால், "சூத்திரம் அப்படித்தான் தாத்தா" என்கிறாள்.

√2 விகிதமுறா எண், அதாவது இரு முழு எண்களின் பின்னமாக எழுத முடியாத எண் என்பதற்கான நிரூபணத்தை ஒருநாள் வரி பிசகாமல் ஒப்பித்தாள். அதே நிரூபணத்தில் 2 வரும் இடத்திலெல்லாம் 4 என்று போட்டால் √4-உம் விகிதமுறா எண் என்றல்லவா வரும், அது வெறும் 2 ஆயிற்றே என்று கேட்டேன். திகைத்துப்போனாள். இரண்டு நாள் மாலை தாளும் பென்சிலுமாக உட்கார்ந்திருந்துவிட்டு, "வர்க்கம் 2ஆல் வகுபட்டால் எண்ணும் 2ஆல் வகுபடும், ஆனால் 4க்கு அது செல்லாது, 36 வகுபடுகிறது, 6 வகுபடவில்லையே" என்று ஓடி வந்தாள். அவள் மனப்பாடம் செய்திருந்த நிரூபணம் முழுவதும் அந்த ஒரு வரியில்தான் நிற்கிறது என்பது அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. ஆறு மாதப் பயிற்சியில் இப்படியொரு கேள்வியை யாரும் அவளிடம் கேட்கவில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம்.

இத்தகைய கேள்விகளுக்குப் பஞ்சமில்லை. பள்ளி மாணவர்களுக்கான போட்டியான கணித ஒலிம்பியாடின் முதல் கட்டத் தேர்வில் எண்ணை மட்டும் விடையாகக் குறித்தால் போதும். அடுத்த கட்டமான மண்டலத் தேர்விலோ மூன்று மணி நேரத்தில் ஆறே கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் காரணத்தை முழுமையாக எழுதியாக வேண்டும். அதன் பழைய வினாத்தாள்களை மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையமும், தன் நுழைவுத்தேர்வு வினாத்தாள்களைச் சிறுசேரியிலுள்ள சென்னைக் கணிதவியல் கழகமும் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கின்றன. ஒலிம்பியாடுக்குப் போகாத பிள்ளைக்கும், வாரத்துக்கு ஒரு கேள்வி என்று நிதானமாகப் போட்டுப் பார்க்க இவை நல்ல பாடம். ஆனால் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைக்கு அந்த ஆங்கிலமே தடையாகிவிடுகிறது.

ஆகவே தங்கள் கல்விப் பக்கத்தில் வாரம் ஒரு நிரூபணக் கேள்வியைத் தமிழில் வெளியிட்டு, மாணவர்கள் எழுதி அனுப்புவனவற்றில் சரியானதோடு தவறான ஒன்றையும், அது எந்த வரியில் சறுக்கியது என்ற குறிப்புடன் அடுத்த வாரம் பிரசுரிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். கேள்விகளைத் தொகுத்துத் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
கும்பகோணம்.