அம்புக்குறிக்குள் நடப்பது

அன்புள்ள கதிர்,

கடிதமும், டி.என்.ஏ.விலிருந்து புரதம் உருவாவதைப் பற்றி நீ எழுதிய பாடக்குறிப்பும் சேர்ந்தே வந்தன. மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். நீ கேட்டபடி குறிப்பைப் பேனாவும் கையுமாக உட்கார்ந்து படித்தேன்.

முதல் பக்கப் படத்தோடுதான் எனக்கு வழக்கு. டி.என்.ஏ.வை முதலாளியாகவும் ஆர்.என்.ஏ.வைத் தபால்காரனாகவும் வரைந்து, நடுவில் ஒரு அம்புக்குறி போட்டிருக்கிறாய். தபால்காரன் உறையைப் பிரிக்க மாட்டான். ஆர்.என்.ஏ.வோ பிரிக்கும், வெட்டும், ஒட்டும், கடைசியில் புரதத்தைக் கோக்கும் வேலையையும் தானே பார்க்கும்.

"டி.என்.ஏ.வின் நகல்தான் ஆர்.என்.ஏ." என்ற வரியைத் திருத்து. எந்த இழையின் நகல் என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். இழையின் இரு முனைகளுக்கு 3', 5' என்று பெயர். ஆர்.என்.ஏ.வைக் கட்டும் பாலிமரேஸ் நொதி, டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளில் அச்சாக அமையும் வார்ப்புரு இழையை 3' முனையிலிருந்து 5' முனை நோக்கிப் படித்துக்கொண்டே போகும், ஆர்.என்.ஏ. 5' முனையிலிருந்து வளரும். டி.என்.ஏ.வின் எழுத்துகள் அடினின் (ஏ), தைமின் (டி), குவானின் (ஜி), சைட்டோசின் (சி) என்ற நான்கு; ஆர்.என்.ஏ.வில் டி-க்குப் பதில் யுராசில் (யு). வார்ப்புருவில் அந்த வரிசையில் டிஏசி என்றிருந்தால் ஆர்.என்.ஏ.வில் ஏயுஜி. ஆக, கிடைப்பது எதிர் இழையின் வாசகம், டி வருமிடத்தில் யு.

அடுத்து, படியெடுத்த ஆர்.என்.ஏ.வை வெட்டி ஒட்டும் கட்டம். இதற்கு நீ ஒரே வரி ஒதுக்கியிருக்கிறாய், இரண்டு பக்கம் தரலாம். தசைக்குத் தேவையான டிஸ்ட்ரோபின் மரபணுவை எடுத்துக்கொள். சுமார் 22 லட்சம் எழுத்து. படியெடுத்து முடிக்கவே ஏறக்குறைய 16 மணி நேரம். அதில் எக்சான் எனப்படும் 79 தேவையான பகுதிகளை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வெட்டி எறிந்தால் மிஞ்சுவது சுமார் 14,000 எழுத்து, ஒரு விழுக்காடுகூட இல்லை. எங்கே வெட்டுவது? வெட்டி எறியும் பகுதியான இன்ட்ரான் அநேகமாக ஜியு என்று தொடங்கி ஏஜி என்று முடியும். வெட்டும் பொறியில் புரதங்களோடு ஐந்து சிறு ஆர்.என்.ஏ.க்கள் உண்டு. அவற்றில் யு1 என்பது தன் எழுத்துகளைத் தொடக்க இடத்தோடு இணை சேர்த்துப் பார்த்து அடையாளம் காண்கிறது.

இங்கே ஒரு எழுத்து தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஹீமோகுளோபினின் ஒரு பகுதியான பீட்டா குளோபின் புரதத்தின் மரபணுவைச் சொல். அதன் முதல் இன்ட்ரான் 130 எழுத்து. 110-ஆவதாக உள்ள ஜி, ஏ-வாக மாறினால், அடுத்த எழுத்து ஏற்கெனவே ஜி என்பதால், அங்கே புதிதாக ஒரு ஏஜி முளைத்துவிடும். பொறி உண்மையான முடிவு வரை போகாமல் பெரும்பாலும் இந்தப் போலி ஏஜியிலேயே வெட்டிவிடும். மீதி 19 எழுத்து தூது ஆர்.என்.ஏ.வில், அதாவது வெட்டி ஒட்டி முடிந்து புரதத்துக்கான செய்தியைச் சுமக்கும் ஆர்.என்.ஏ.வில், ஒட்டிக்கொண்டு வரும். 19 மூன்றால் வகுபடாது. மூன்று எழுத்துக்குப் புரதத்தின் கண்ணியான ஒரு அமினோ அமிலம் என்று மும்மூன்றாகப் படிக்கும் வரிசையே குலைந்து, புரதத்தை முடிக்கச் சொல்லும் நிறுத்தக் குறி சீக்கிரமே வந்துவிடும். விளைவு, பீட்டா தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகை. சிறு பங்கு சரியாகவும் வெட்டுப்படுவதால் குளோபின் அடியோடு நின்றுபோவதில்லை. புரதத்துக்கான எழுத்து ஒன்றுகூட மாறவில்லை என்பதை அழுத்திச் சொல்.

அதே பீட்டா குளோபினில் வரும் அரிவாள் செல் சோகையில் ஜிஏஜி என்பது ஜியுஜி ஆவதைச் சரியாகவே எழுதியிருக்கிறாய். ஆனால் 6-ஆவது அமினோ அமிலம் என்பது ஏயுஜி குறிக்கும் தொடக்க அமினோ அமிலமான மெத்தியோனினை நீக்கிய கணக்கு. ஏயுஜியிலிருந்து எண்ணுகிற பிள்ளைக்கு 7 வரும், அதற்கு மதிப்பெண்ணைக் குறைத்துவிடாதே.

புரதத்தைக் கோக்கும் பொறியான ரைபோசோம் பற்றிய பகுதியில், "புரதம் செய்யும் நொதி" என்பதை அடித்துவிடு. நொதி என்றதும் அதுவும் புரதம்தான் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்ளும். அதன் பெரிய துணை அலகின் படிக அமைப்பு 2000-இல் வெளியானபோது, அமினோ அமிலங்கள் இணையும் மையத்தில் இருந்தது ஆர்.என்.ஏ.தான். ரைபோசோம் ஆய்வுக்காகத்தான் 2009-இல் வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், ஸ்டைட்ஸ், யோனத் மூவருக்கும் நோபல்.

டி.என்.ஏ.வுக்கு ஏன் டி, ஆர்.என்.ஏ.வுக்கு ஏன் யு என்று கேட்டிருந்தாயே. சைட்டோசின் தானாகவே சிதைந்து யுராசிலாகும். டி.என்.ஏ.வில் யுராசில் அந்நியன் என்பதால் பழுது பார்க்கும் நொதி கண்டுபிடித்து நீக்கிவிடும். டி.என்.ஏ. இயல்பிலேயே யுராசிலைப் பயன்படுத்தியிருந்தால் சிதைந்தது எது, அசல் எது என்று தெரியாது. தூது ஆர்.என்.ஏ.வின் ஆயுள் நிமிடக் கணக்கு, மிஞ்சினால் நாள் கணக்கு. அதைப் பழுது பார்ப்பதைவிடப் புதிதாக அடித்துக்கொள்வது மலிவு. அந்தக் குறுகிய ஆயுளில் லாபமும் உண்டு: மரபணுவை நிறுத்தினால் புரத உற்பத்தியும் விரைவில் நிற்கும். சர்க்கரையின் 2' இடத்தில் உள்ள ஹைட்ராக்சில்தான் ஆர்.என்.ஏ.வை எளிதில் உடைய வைக்கிறது. காரக் கரைசலில் போட்டால் சங்கிலி துண்டு துண்டாகும், டி.என்.ஏ. இழை பிரியுமே தவிர உடையாது. (நம் மொழியில் அடினினும் காரம், சோடா உப்பும் காரம். அதனால்தான் இதில் எழுத்து என்றே எழுதி வந்தேன்.)

கடைசியாக அம்புக்குறி. டி.என்.ஏ. தன்னை இரட்டிப்பாக்கும்போதுகூட முதலில் பத்து எழுத்து அளவுள்ள ஆர்.என்.ஏ. துண்டு ஒன்று தேவை, டி.என்.ஏ. பாலிமரேஸுக்கு வெறும் இழையில் தொடங்கத் தெரியாது. பின்னால் அந்தத் துண்டை நீக்கினால் குரோமோசோமின் நுனியில் இடைவெளி விழும். டெலோமரேஸ் என்ற நொதி தன்னிடமுள்ள ஆர்.என்.ஏ.வையே வார்ப்புருவாக்கி, அந்த நுனியில் டி.என்.ஏ.வை நீட்டிவிடும். எனவே படத்தில் ஆர்.என்.ஏ.விலிருந்து டி.என்.ஏ.வுக்குத் திரும்பி வரும் அம்பு ஒன்றையும் போடு.

திருத்திய படம் தயாரானதும் எனக்கு ஒரு பிரதி அனுப்பு.

அன்புடன்,
சேது