சஷ்டி நிலவும் தியோபிலஸ் பள்ளமும்

அன்பு மகளுக்கு,

நீ விட்டுச் சென்ற தொலைநோக்கியைப் பரணிலிருந்து இறக்கிவிட்டேன். முதலில் மொட்டை மாடியில்தான் வைத்தேன். பகலெல்லாம் காய்ந்த தளம் விடும் வெக்கையில் நிலவின் விளிம்பு கொதிநீரைப்போல் நெளிந்ததால், இப்போது கொல்லையில் கிணற்றடி மண்தரைக்கு மாற்றியிருக்கிறேன்.

பௌர்ணமியன்று பார்த்து ஏமாந்ததைத் தொலைபேசியில் சொன்னேன் அல்லவா? குறை கருவியில் இல்லை. அன்று நம் பார்வை செல்லும் திசையிலேயே வெயிலும் விழுவதால் நிழலே தெரிவதில்லை. நிழல் இல்லாத பள்ளம் வெறும் வெண்திட்டுதான். டைக்கோ என்ற பள்ளத்திலிருந்து விரியும் வெண்கதிர்களைப் பார்க்க மட்டுமே அது ஏற்ற நாள். மற்றவற்றுக்கு ஒளியும் இருளும் சந்திக்கும் எல்லைக்கோட்டைத் தொடர வேண்டும். அதற்கு அம்மாவின் நாட்காட்டியே போதும்: வளர்பிறைச் சஷ்டியை ஒட்டித் தியோபிலஸ், அஷ்டமியை ஒட்டித் தாலமி, தசமியை ஒட்டிக் கோப்பர்நிக்கஸ் என்று ஒவ்வொரு பள்ளமாகப் பார்க்கலாம். (1651-இல் இப்பெயர்களைச் சூட்டிய ரிச்சியோலி என்ற பாதிரியார், பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற, தாம் ஏற்காத கொள்கையைச் சொன்ன கோப்பர்நிக்கஸுக்கு இவ்வளவு எடுப்பான பள்ளத்தைக் கொடுத்தது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.)

சென்ற சஷ்டியன்று, 90 மடங்கு உருப்பெருக்கத்தில், ஏறத்தாழ 100 கி.மீ. அகலமுள்ள தியோபிலஸின் தரை மையிருட்டாகக் கிடக்க, நடுமலையின் உச்சியில் மட்டும் வெயில் பட்டு ஒரு வெண்புள்ளி தனித்து நின்றது. ஓரிரு நிமிடத்துக்கு ஒருமுறை நிலவு விலகிவிடும். குழலை நகர்த்தி நகர்த்தி ஒரு மணி நேரம் பார்த்தேன். மறுநாள்தான் அண்டையிலுள்ள சிரில்லஸ் வெளிச்சத்துக்கு வந்தது. அதன் விளிம்பைத் தியோபிலஸின் சுவர் வெட்டிக்கொண்டு நிற்பதால், விண்கல் மோதிய அடிகளில் எது பிந்தியது என்று கேட்கவே வேண்டியதில்லை. உருவம் தலைகீழாகத் தெரிவதால் வரைபடத்தையும் தலைகீழாகப் பிடிக்கிறேன். அம்மாவுக்கு அது சிரிப்பாக இருக்கிறது.

வரும் தைமாத வளர்பிறைச் சஷ்டியன்று மாலை 7 மணிக்கு நான் பார்ப்பேன். நீ இருக்கும் இங்கிலாந்தில் 7 மணி ஆகும்போது இங்கே நள்ளிரவு 12.30. அதற்குள் எல்லைக்கோடு, மணிக்கு ஏறத்தாழ 15 கி.மீ. வீதம், 80 கி.மீ. நகர்ந்திருக்கும்; அதனால் நான் பார்க்கும் நிலவை நீ பார்க்கப்போவதில்லை. அங்குள்ள கல்லூரித் தொலைநோக்கி கிடைத்தால், நிழல் எங்கே நிற்கிறது என்று பென்சிலால் வரைந்து அனுப்பு. நானும் வரைந்து வைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா