இறங்கும் பங்கை வைத்திருப்பது பற்றி

திருகோணமலை

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். மாரி தொடங்கிவிட்டது. வள்ளங்களைக் கரையேற்றி விட்டார்கள், மீன் விலை எக்கச்சக்கம். டச்சு வளைகுடாப் பக்கம் பின்னேரம் நடக்கப் போவதும் நின்றுபோனதால், நீ பங்கு வாங்கி, இப்போது விலை இறங்கிக் கிடக்கிற கம்பனியின் ஆண்டறிக்கையை, நீ அனுப்பியதை, ஆறுதலாகப் பார்க்க நேரம் கிடைத்தது. போனில் எழுத்து சின்னதாக இருந்தது. கணக்குப் பக்கங்களை மட்டும் கொமினிகேஷன் கடையில் பிரிண்ட் எடுத்து, பென்சிலால் கோடு போட்டுப் படித்தேன்.

"வாங்கின விலைக்கு வரட்டும், அதுவரை அசைய மாட்டேன்" என்று எழுதியிருக்கிறாய். அந்த விலையை இந்தக் கணக்குக்குள் கொண்டுவராதே. பாதியாக இறங்கிய பங்கு பழைய இடத்துக்கு வர இரண்டு மடங்காக வேண்டும். இன்றைக்கு அதே காசு கையில் இருந்தால் இந்தப் பங்கையே வாங்குவாயா என்பதுதான் கேள்வி.

அமேசான் பங்கும் விழுந்து எழும்பியதுதானே என்று சொல்கிறாய். சரி. 1999 டிசம்பரில் 100 டொலரைத் தாண்டிய பங்கு 2001இல் 6 டொலருக்கும் கீழே போய்த்தான் மீண்டது. ஆனால் 2000 பெப்ரவரியில், சந்தை உடைவதற்குச் சற்று முன்னர், அவர்கள் ஐரோப்பாவில் கடன் பத்திரம் விற்று 69 கோடி யூரோ திரட்டியிருந்தார்கள். பங்கு விழ விழ விற்பனையும் கூடிக்கொண்டுதான் இருந்தது. வைத்திருந்தவர்களின் பொறுமை பலித்ததற்கு அந்தக் காசும் ஒரு பெரிய காரணம்.

உன்னுடைய கனடாவிலேயே நோர்டெல் என்ற தொலைத்தொடர்புக் கருவிக் கம்பனி இருந்ததே! 2000 ஜூலையில் 124 டொலர். ரொறன்ரோ சந்தைக் குறியீட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்த ஒரே கம்பனிதான். 2002இல் ஒரு டொலருக்கும் கீழே வந்தது, 2009 ஜனவரியில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கேட்டது. அதைக் கடைசிவரை வைத்திருந்தவர்களுக்கும் பொறுமை இருந்தது, மச்சான்.

என்னை அதிகம் யோசிக்க வைப்பது மைக்ரோசொஃப்ட். கம்பனிக்கு ஒன்றும் ஆகவில்லை, வருடா வருடம் நல்ல லாபம். அப்படியிருந்தும் 1999 கடைசியில் தொட்ட விலையைத் திரும்பத் தொட 2016 ஆனது. நல்ல கம்பனியாக இருந்தாலும் மிஞ்சிய விலைக்கு வாங்கினால் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டி வரலாம்.

இனி உன்னுடைய கம்பனி. விற்பனை கூடியிருக்கிறது, கடன் குறைவு, தொழிலில் இருந்து வருகிற காசும் நன்றாக இருக்கிறது. விலை விழுந்ததற்காக இதைக் கெட்ட கம்பனி என்று சொல்ல மாட்டேன். ஆனால் காசோட்டக் கூற்றில், அதாவது காசு வந்ததையும் போனதையும் காட்டுகிற பக்கத்தில், ஒரு வரியைக் கவனி. ஊழியர்களுக்குச் சம்பளத்தின் ஒரு பகுதியைப் பங்காகக் கொடுக்கிறார்கள். லாபக் கணக்கில் அதைச் செலவாகக் கழித்தாலும், காசு வெளியே போகாததால் இங்கே அதைத் திரும்பக் கூட்டிக் காட்டுகிறார்கள். அதனாலும் அந்தக் கூற்று வடிவாகத் தெரிகிறது. அதன் பிறகு, கம்பனி தன் காசைக் கொடுத்துச் சந்தையில் பங்குகளைத் திருப்பி வாங்குகிறது. அப்படியும் மொத்தப் பங்கு எண்ணிக்கை மூன்று வருடமாகக் கூடிக்கொண்டே வந்திருக்கிறது. கம்பனி வளர்கிறது, ஆனால் அதில் உனக்குரிய துண்டு சிறுத்துக்கொண்டு போகிறது. நான் வருடா வருடம் பார்ப்பதாக இருந்தால் அந்த எண்ணிக்கையைத்தான் முதலில் பார்ப்பேன்.

எல்லாவற்றையும் விற்று வங்கியில் போடு என்று நான் சொல்லவில்லை. 2022இல் இங்கே டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்குப் போனதையும், செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியதையும் கண்ணால் பார்த்தவன் நான். ஓய்வூதியக் காசை நிலையான வைப்பில் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தவர்கள் மருந்துக் கடையில் பாதி மாத்திரை போதும் என்று கேட்டு வாங்கினார்கள். எந்தப் பெட்டியில் வைத்தாலும் காசுக்கு ஆபத்து உண்டு.

ஆனால் மகள் இன்னும் இரண்டு வருடத்தில் பல்கலைக்கழகம் போகிறாள். அவளுடைய படிப்புக் காசு இந்த ஒரு பங்குக்குள் இருக்கவே கூடாது. உன் சம்பளமும் இதே துறையிலிருந்துதான் வருகிறது. இந்தத் துறை படுத்தால் ஆட்குறைப்பும் பங்கு வீழ்ச்சியும் ஒன்றாக வரும், அப்போது அடிவிலையில் விற்க வேண்டி வந்துவிடும். ஆகவே அவளுக்கு வேண்டியதை இப்போதே விற்று எடு, நட்டமானாலும் பரவாயில்லை. மிச்சம் பத்து வருடத்துக்குத் தேவைப்படாது என்றால் தைரியமாக வைத்திரு. தினமும் விலையைப் பார்த்து நித்திரையைக் கெடுக்காதே, உன் பிரஷர் எனக்கு அதைவிடக் கவலை.

விற்கும் முன்னர் உங்கள் கணக்காளரிடம் ஒரு தடவை கேள். வரி கட்டுகிற கணக்கில் இருக்கிற பங்கு என்றால், அந்த நட்டத்தை முந்தைய மூன்று வருட மூலதன லாபத்திலும் (பங்கு போன்றவற்றை விற்றுக் கிடைத்த லாபம்) கழிக்கலாம், மிஞ்சியதைப் பின்னுக்கும் கொண்டு போகலாம். ஆனால் விற்றுவிட்டு மனம் கேட்காமல் 30 நாளுக்குள் அதே பங்கைத் திரும்ப வாங்கிவிடாதே, அந்தக் கழிவு கிடைக்காது. மகளின் முதல் வருடக் கட்டணம் எவ்வளவு வரும் என்று எழுது, எத்தனை பங்கு விற்க வேண்டும் என்று இருந்து பார்த்துவிடுவோம். வீட்டில் எல்லோரையும் சுகம் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்